ராட்டை பெற்ற ரீல்

டிராக் குமிழை விரல் வலிக்க இறுக்கியாயிற்று. ஆனாலும் மீன் இழுக்க இழுக்க நரம்பு போய்க்கொண்டே இருந்தது. கைப்பிடியைச் சுற்றினேன். கைப்பிடி சுற்றியது, அது சுழற்ற வேண்டிய வளையமும் சுற்றியது. நரம்பு மட்டும் ஒரு முழம்கூட உள்ளே வரவில்லை. பதற்றத்தில் இன்னும் வேகமாகச் சுற்றினேன். மீன் கோரைக்குள் புகுந்து ஓர் உதறு உதறி, முள்ளைத் துப்பிவிட்டுப் போய்விட்டது. கைக்கு வந்துசேர்ந்த நரம்பும் சும்மா வரவில்லை. பிழிந்த இடியாப்பம் மாதிரி, தொட்ட இடமெல்லாம் சுருண்டு, தன்னையே முறுக்கிக்கொண்டு வந்தது.

பக்கத்தில் மூங்கில் கம்பும் தக்கையுமாக உட்கார்ந்திருந்த பையன் அதற்குள் மூன்று ஜிலேபி பிடித்துக் குச்சியில் கோத்துவிட்டான். என் கம்பையும் ரீலையும் ஒருமுறை பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஆண்டிபட்டிப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில், ஐப்பசி மழை பெய்து தண்ணீர் மதகைத் தொட்டு நின்ற நாளில் நடந்தது இது. கண்மாயைக் குத்தகைக்கு எடுத்தவர் தெரிந்தவர். ரீல் துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்தது. தேனிப் பக்கம் ரீல் என்பதே வந்தேறிச் சாமான்தான். வைகை அணையில் தொழில் என்றால் பரிசலும் வலையும். வாய்க்கால் கரையில் பொழுதுபோக்கு என்றால் மூங்கில் கம்பு, நாலு பாகம் நரம்பு, ஒரு முள், மண்புழு. சைக்கிள் கெட்டால் கடை உண்டு, மிக்சி கெட்டால் கடை உண்டு. எனக்குத் தெரிந்தவரை ரீலுக்கு என்று ஒரு கடை இங்கே கிடையாது. ஆகவே நானே திறந்தேன்.

எது கெட்டாலும் முதலில் எண்ணெய் விடுவதுதானே நம் வழக்கம். தையல் மிஷின் எண்ணெய் விட்டேன். தேங்காய் எண்ணெய் விடாதவரைக்கும் நல்லது என்று இப்போது தெரிகிறது: அது கொஞ்ச நாளில் பிசினாகும், மேகமலைக் குளிருக்குக் கொண்டுபோனால் உள்ளேயே உறைந்து நிற்கும். பிறகு முப்பது முட்டை வைக்கும் அட்டை ஒன்றை எடுத்து, கழற்றிய ஒவ்வொரு சாமானையும் கழற்றிய வரிசைப்படி ஒவ்வொரு குழியில் போட்டேன். இதைவிடச் சிறந்த பழுதுபார்க்கும் மேசையை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

டிராக் என்பது பெரிய மாயம் ஒன்றும் இல்லை. ஸ்பூலுக்குள் கம்பளித் துணி வட்டு ஒன்று, எஃகு வட்டு ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். எஃகு வட்டுகளில் ஒன்று தண்டைப் பிடித்திருக்கும், அடுத்தது ஸ்பூலைப் பிடித்திருக்கும். குமிழை இறுக்கினால் வட்டுகள் ஒன்றையொன்று நெருக்கும். நெருக்கத்துக்கு மேல் மீன் இழுத்தால் ஸ்பூல் வழுக்கிச் சுழன்று நரம்பு விடும், நரம்பு அறுபடாது. பிரேக் ஷூ மாதிரிதான். வட்டு காய்ந்துபோனால் வெட்டி வெட்டி இழுக்கும். இறுக்கியபடியே மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்தால் நசுங்கித் தட்டையாகிப் பிடிப்பை இழக்கும். என் ரீல் அப்படித்தான் கிடந்தது. நோய் பிடிபட்டுவிட்டது என்று மகிழ்ந்து, வட்டுகளை மண்ணெண்ணெயில் அலசி, புது வட்டு வெட்டிப் போட்டு, கிரீஸ் தடவி மூடினேன். தொங்குதராசை நரம்பில் கட்டி இழுத்துப் பார்த்தேன். மூன்று கிலோவுக்குப் பிடிக்க வேண்டியது, ஒரு கிலோவுக்கே நழுவியது.

மறுநாள் அதைப் பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். எனக்கு உறவில்லை, நண்பனுக்குப் பெரியப்பா, அதனால் எனக்கும். சக்கம்பட்டியில் நெசவாளர் வீட்டில் பிறந்தவர். நூற்பாலையில் ரிங் பிரேம் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் ரீலைத் தொட்டதில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைப்பிடியை மெதுவாக ஒரு சுற்று சுற்றினார். இன்னொரு சுற்று. பிறகு சிரித்தார்.

“ஏப்பா, இது எங்க மில்லு சாமான்ல? இதை யாரு தூக்கிட்டுப் போயி மீன் புடிச்சது?”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஸ்பூலைச் சுற்றி ஓடும் கம்பிக் கை, சிம்ப்ளக்ஸ் மிஷினின் பிளையர். ஸ்பூல் முன்னும் பின்னும் போய்வருவது, ரிங் ரெயில் ஏறி இறங்கி பாபினில் நூலை அடுக்கும் அதே வேலை. நரம்பு திரும்பும் மூலையில் இருக்கும் குட்டி உருளை, டிராவலரின் தம்பி. “வச்சிட்டுப் போ. நாளைக்கு வா” என்றார். போகும்போது மார்க்கர் பேனா ஒன்று இருந்தால் கொடு என்று வாங்கிக்கொண்டார்.

யார் தூக்கிக்கொண்டு போனது என்ற கேள்வி என்னை விடவில்லை. தேடியபோது, தூக்கிக்கொண்டு போனவர் உண்மையிலேயே ஒருவர் இருந்தார்.

ரீல் பழைய சாமான். சீன ஓவியர் மா யுவான் 1195 வாக்கில் வரைந்த ஓவியம் ஒன்றில், குளிர்கால ஏரியில் தனியாக ஒரு படகு, அதில் குனிந்து உட்கார்ந்த ஒருவர், அவர் கையில் தூண்டில், தூண்டிலில் ஒரு சின்னச் சக்கரம். ரீலைக் காட்டும் படங்களில் மிகப் பழையது என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் முதலில் எழுதியவர் தாமஸ் பார்க்கர், 1651-இல். தொழில் சமையல். இந்த இரண்டுக்கும் நடுவிலும் பின்னாலும் வந்தவை எல்லாம் ஒரே ஜாதி: அச்சில் சுழலும் ராட்டினம். கிணற்று உருளை மாதிரி, நரம்பு பக்கவாட்டில் அவிழும். அவிழ வேண்டுமானால் ஸ்பூல் சுழல வேண்டும்.

அந்தச் சுழற்சியில் இரண்டு பழுது. ஓடத் தொடங்கிய ஸ்பூல், இரை தண்ணீரில் விழுந்த பிறகும் நிற்காது. நரம்பு போக இடமில்லாமல் உள்ளேயே பொங்கி, காக்கைக்கூடு கட்டிவிடும். அது ஒன்று. கனமில்லாத இரைக்கு நின்ற ஸ்பூலைச் சுழற்றித் தொடங்கிவைக்கத் தெம்பு இருக்காது. அது மற்றொன்று. அரைக் கைப்பிடி ஈயம் கட்டினால் போகும், ஒற்றை மண்புழு போகாது. கென்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்ற ஊரில் இருந்த ஜார்ஜ் ஸ்னைடர் முதலான கடிகாரக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்சக்கரம் வைத்து, கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் பல சுற்று என்று மாற்றினார்கள். வேலைப்பாடு அருமை, ஆனால் ஸ்பூல் சுழன்றுகொண்டேதான் இருந்தது. காக்கைக்கூடும் இருந்தது.

ஸ்பூலை நிறுத்தத் துணிந்தவர் பீட்டர் மல்லாக். ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்தில் தூண்டில் சாமான் விற்றவர். 1884-இல் அவர் பெற்ற காப்புரிமையில் இருப்பது ஒரு சின்னத் திருப்பம்தான், சொல்லப்போனால் 90 டிகிரித் திருப்பம். வீசும்போது ஸ்பூலை அப்படியே திருப்பி, அதன் முகம் கம்பின் நுனியைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். நரம்பு விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாகக் கழன்று ஓடும். ஸ்பூல் அசையாது. அசையாத பொருளை நிறுத்தும் கவலையும் இல்லை, கிளப்பும் கவலையும் இல்லை. வீசி முடித்ததும் ஸ்பூலைப் பழையபடி திருப்பிக்கொண்டு, கிணற்று உருளை மாதிரி சுற்றி எடுத்துக்கொள்ளலாம்.

இதைப் படித்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டேன். இது ராட்டை அல்லவா?

ராட்டையில் நூற்பவரைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். இடது கையில் பஞ்சுத் திரி, வலது கையில் சக்கரம். நூலைக் கதிரின் நுனிக்குச் சாய்வாகப் பிடித்தால், கதிர் சுழலும் ஒவ்வொரு சுற்றும் நுனியைத் தாண்டி வழுக்கி நூலில் ஒரு முறுக்காக ஏறும். போதுமான முறுக்கு ஏறியதும் கையைத் திருப்பி, நூலைக் கதிருக்குக் குறுக்காகப் பிடித்தால் முறுக்கு ஏறாது. நூல் கதிரில் சுற்றிக்கொள்ளும். நுனி வழியாக வந்தால் முறுக்கு, பக்கவாட்டில் வந்தால் சுற்று. கையின் கோணம் ஒன்றுதான் வேறுபாடு. மல்லாக் செய்தது, தெரிந்தோ தெரியாமலோ, கம்பில் ஒரு ராட்டையைக் கட்டியதுதான். ராட்டை என்ன செய்யுமோ அதை அது செய்தது. வீசும் ஒவ்வொரு முறையும் நுனி வழியாக நரம்பு கழன்று முறுக்கேறியது. சுற்றி எடுக்கும்போது பக்கவாட்டில் வந்ததால் அந்த முறுக்கு இறங்கவில்லை. பத்து வீச்சில் நரம்பு, நூல் ஆகிவிட்டது. ஸ்பூலை முன்பின்னாக மாற்றிப் போட்டு எதிர்முறுக்கு ஏற்றிக்கொள்ளும்படி பின்னால் ஒரு வழி செய்தார்கள். ஒட்டுத்தான். காதி ராட்டையில் நூற்ற பாட்டி யாரையாவது கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாள்.

கேட்க வேண்டிய ஆள் இங்கிலாந்திலேயே ஒரு நூற்பாலைக்குள் இருந்தார். யார்க்‌ஷயரின் பிராட்ஃபோர்டு அப்போது உலகத்தின் கம்பளி நூல் தலைநகரம். அந்த ஊரின் நூற்பாலைக் குடும்பத்தில் வந்த ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் 1905-இல் ஒரு ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். மில்லில் நூல் சுற்றும் முறையைப் பார்த்தே அது தோன்றியது என்பதுதான் மீன்பிடி வரலாற்றில் வழங்கும் கதை. ரீலைப் பார்த்தால் கதையை நம்பாமல் இருக்க முடியாது. ஸ்பூல் எப்போதும் கம்பின் நுனியைப் பார்த்தபடியே இருக்கும். வீசும்போதும் சுழலாது, சுற்றும்போதும் சுழலாது. அதற்குப் பதில், கொக்கி வைத்த கை ஒன்று ஸ்பூலைச் சுற்றி ஓடி நரம்பைச் சுற்றும். இதன் அழகு கணக்கில் இருக்கிறது. வீசும்போது ஒரு வளையத்துக்கு ஒரு முறுக்கு ஏறுகிறதா? சுற்றும் கை ஒரு சுற்றுக்கு ஒரு முறுக்கை எதிர்த்திசையில் ஏற்றுகிறது. போனது வந்தால் கணக்கு நேர்.

தறியடியில் வளர்ந்தவர்களுக்கு இதில் புதுமை இருக்காது. தறியின் நாடாவுக்குள் இருக்கும் நூல்தார் சுழலுவதில்லை. இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் நாடா பறக்கும்போது, நூல் தாரின் நுனி வழியாகக் கழன்று வருகிறது. சுழலும் கட்டையாக இருந்தால் நாடா நின்ற பிறகும் அது சுழன்று, தறியில் காக்கைக்கூடு கட்டியிருக்கும். நூற்பாலையிலிருந்து வரும் நூல் கோன் வடிவில் இருப்பதும் இதற்காகத்தான்: அசையாமல் நிற்கட்டும், நூல் நுனி வழியாகக் கழலட்டும். (தார் என்றால் சின்னமனூரில் வாழைத்தார், சக்கம்பட்டியில் நூல்தார். கதிரும் அப்படித்தான்: வயலில் நெற்கதிர், ராட்டையில் இரும்புக் கதிர். இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை.)

இல்லிங்வொர்த் ரீலின் கொக்கியில் நரம்பை விரலால் மாட்ட வேண்டும். இருட்டில், ஈரக் கையில், மீன் இழுக்கும்போது அது தவறும். அந்தப் பழுதுக்குப் பிறந்ததுதான் முழுக் கம்பிக் கை, இன்று நாம் பெயில் என்று சொல்லும் வளைந்த கம்பி. ஹார்டி நிறுவனம் 1932-இல் ஆல்டெக்ஸ் ரீலில் அதை வைத்து வெற்றிபெற்றது. கம்பியைத் திறந்து வீசலாம். கைப்பிடியைச் சுற்றினால் தானாகப் படக்கென்று மூடி நரம்பைப் பிடிக்கும். தானாக மூட ஒரு ஸ்பிரிங் வேண்டும். அந்த ஸ்பிரிங்தான் அன்றிலிருந்து இன்றுவரை ரீலில் முதலில் உடைகிற சாமான். பெயில் மூடாவிட்டால் ரீல் முழுவதையும் பிரிக்க வேண்டாம். அந்தப் பக்கத்து மூடியின் ஒரே திருகாணியைக் கழற்றி ஸ்பிரிங்கைப் பார்த்தால் போதும். வீசிய பிறகு கம்பியைக் கையால் மூடிப் பழகினால் அந்த ஸ்பிரிங் நெடுநாள் இருக்கும்.

தாய்வழி மில்தான் என்றாலும் தந்தைவழியையும் மறைக்கக் கூடாது. அது கடிகாரக் கடை. பிரான்சின் கடிகார ஊரான க்ளூஸில் கார்ப்பனோ–பான்ஸ் என்ற கடிகாரப் பாகக் கம்பெனிதான் மிட்செல் ரீலைச் செய்தது. ஸ்வீடனின் ஆபு ரீல், 1921-இல் பாக்கெட் கடிகாரம் செய்யத் தொடங்கி, பிறகு டாக்சி மீட்டர் செய்து, போர்க்காலத்தில் மீட்டர் விற்காமல் போனதால் ரீலுக்குத் திரும்பிய தொழிற்சாலையில் பிறந்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் கடிகாரக்காரர் ஆர். டி. ஹல், எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடி செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனியின் கதவைத் தட்டி, தன் ரீலைக் காட்டினார். அது 1949-இல் சந்தைக்கு வந்தது. கடைக்காரர் பொட்டலம் கட்ட அசையாத உருண்டையிலிருந்து சணலை உருவுவதைப் பார்த்துத் தோன்றிய யோசனை என்கிறார்கள். அதுவும் நுனி வழியாகக் கழல்வதுதான். சைக்கிள் கடைக்கும் இதில் பங்கு உண்டு. ஜப்பானின் சாக்காய் நகரத்தில் 1921-இல் தொடங்கிய ஷிமானோ முதலில் செய்தது சைக்கிள் பிரீவீல்; ரீலுக்கு வந்தது 1970-இல்.

பிரீவீல் என்றதும் ஒரு பழுதைச் சொல்லிவிட வேண்டும், இதில் ஏமாறாதவர் குறைவு. கைப்பிடி பின்பக்கம் சுழலாமல் தடுக்க, இக்கால ரீல்களில் ஒருவழி பேரிங் இருக்கும். குட்டி உருளைகள் ஒரு பக்கம் சுழலும்போது தாராளமாக ஓடும். மறுபக்கம் சுழன்றால் ஒடுங்கும் சந்தில் போய் ஆப்பு மாதிரி இறுகும். கைப்பிடி பின்னால் நழுவினால் நாம் என்ன செய்வோம்? தேய்ந்துவிட்டது என்று கிரீஸ் அப்புவோம். கிரீஸில் உருளைகள் ஒட்டிக்கொண்டு சந்துக்குப் போகாது, இன்னும் நழுவும். இன்னும் கிரீஸ் அப்புவோம். அங்கே கிரீஸே கூடாது. பெட்ரோலில் கழுவி, காயவிட்டு, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு. மில்லில் இருந்தவர்களுக்கு இது சொல்லாமலே தெரிகிறது. எண்ணெய் போடும் இடமும் போடாத இடமும் தெரிந்தவன்தான் பிட்டர் என்பார் பெரியப்பா.

சொன்னபடி மறுநாள் போனேன். ரீலைப் பிரிக்கவே இல்லை அவர். ஸ்பூலின் உலோக விளிம்பிலிருந்து அதில் சுற்றியிருந்த நரம்பு மேல்வரை நேராக ஒரு மார்க்கர் கோடு போட்டிருந்தார். “இழு” என்றார். இழுத்தேன். விளிம்பில் இருந்த கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. நரம்பின் மேல் இருந்த கோடு சுற்றிக்கொண்டு எங்கோ போனது.

“பாத்தியா? ஒன் டிராக்குல ஒண்ணும் இல்லப்பா. பாபின் நிக்குது, நூலு மட்டும் மொத்தமா வழுக்குது. மில்லுல பெல்ட்டு வழுக்குதா, புல்லி வழுக்குதான்னு இப்பிடித்தேன் சாக்பீஸ்ல கோடு போட்டுப் பாப்போம். அம்புட்டுத்தான்.”

அம்புட்டுத்தான். மச்சான் ரீலோடு வாங்கி அனுப்பியது சாதாரண நைலான் நரம்பு அல்ல, பிரெய்டு என்னும் பின்னல் நூல். நைலானை டியூபான்ட் நிறுவனம் 1938-இல் உலகத்துக்கு அறிவித்தது. அதன் ஒற்றை இழை நரம்பு வந்த பிறகுதான் இல்லிங்வொர்த் வழி வந்த ரீல்கள் பட்டுநூலை விட்டுவிட்டுப் பரவின. நைலான் நீளும், சுற்றும்போது நீண்டு, பிறகு சுருங்கி, ஸ்பூலை இறுகப் பிடித்துக்கொள்ளும். பின்னல் நூல் செய்யும் இழை வேறு. டைனீமா என்ற பெயரில் 1990-இல் நெதர்லாந்திலிருந்து விற்பனைக்கு வந்த பாலிஎதிலீன். எடைக்கு எடை பார்த்தால் எஃகைத் தோற்கடிக்கும், நீளவே நீளாது, மெழுகு மாதிரி வழவழப்பு. வெறும் அலுமினிய ஸ்பூலில் அதை நேராகக் கட்டினால் எத்தனை முடிச்சுப் போட்டாலும் பிடிக்காது. மீன் இழுக்கும்போது மொத்தச் சுருளும் மோதிரம் மாதிரி ஸ்பூலின் மேல் சுழலும். வெளியே இருப்பவனுக்கு அது டிராக் கெட்ட மாதிரியே தெரியும்.

சுருளும் முறுக்கும் எங்கிருந்து வந்தன என்பதும் அதே கோட்டில் இருந்தது. இல்லிங்வொர்த்தின் கணக்கு நேராக இருப்பது, சுற்றும் கை சுற்றிய அளவுக்கு நூல் உள்ளே வரும்வரைதான். நான் பதறிச் சுற்றியபோது நூல் ஓர் அங்குலமும் வரவில்லை. கை மட்டும் சுற்றியது. என் ரீலில் கைப்பிடி ஒரு சுற்றுக்கு வளையம் ஐந்து சுற்று. நாற்பது சுற்றியிருப்பேன். இருநூறு முறுக்கு, எதிர்முறுக்கு இல்லாமல், இலவசமாக. டிராக் நழுவிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றாதே என்று பழகியவர்கள் சொல்வதன் காரணம் இதுதான். மீன் இழுத்தால் இழுக்கவிட வேண்டும். ஸ்பூல் சுழன்று நூல் போனால் முறுக்கு ஏறாது. அது ஓய்ந்த பிறகு கம்பை உயர்த்தி, தாழ்த்தும்போது சுற்ற வேண்டும்.

“இருநூறு முறுக்கா? ஒரு சாணுக்குள்ள முடிஞ்சுபோற கணக்குப்பா” என்று பெரியப்பா சிரித்தார். 40-ஆம் நம்பர் நூலுக்கு அங்குலத்துக்கு ஏறத்தாழ 25 முறுக்கு ஏற்ற வேண்டும். ஏறாவிட்டால் நூல் நிற்காது. முறுக்கு குறைந்துவிட்டதே என்று கவலைப்பட்டே வாழ்நாளைக் கழித்த மனிதரிடம், முறுக்கு கூடிவிட்டதே என்று போய் நின்றிருக்கிறேன். எனக்குப் புரியவைக்க, பூக்கட்டும் வாழைநார் ஒன்றை ஈரமாக்கிப் பட்டையாகப் பிரித்து, டம்ளரில் பத்துச் சுற்று சுற்றினார். டம்ளரை உருட்டி அவிழ்த்தபோது நார் பட்டையாகவே வந்தது. மறுபடி சுற்றி, டம்ளரை அசைக்காமல் வாய்ப்பக்கமாக உருவினார். பத்து முறுக்கு, எண்ணிப் பார்க்கிற மாதிரி. மல்லாக் தொடங்கிய ரீல் வரலாறு முழுவதும் அந்த டம்ளரில் இருந்தது.

வைத்தியம் அரைமணி நேரம். நூலை முழுவதும் உருவி ஒரு பழைய கோன் அட்டையில் சுற்றிக்கொண்டோம். ஸ்பூலின் வெற்று உலோகத்தில் பிளாஸ்திரி ஒரு சுற்று. அதன் மேல் நைலான் நரம்பு பத்துப் பாகம், இறுக்கமாக. நரம்பின் முனையையும் பின்னல் நூலின் முனையையும் இரட்டை யூனி முடிச்சால் சேர்த்து, ஈரத் துணியில் நூலை அழுத்திப் பிடித்தபடி சுற்றி ஏற்றினோம். தளர்வாகச் சுற்றினால் அடுத்த மீன் இழுக்கும்போது மேல் நூல் அடி நூலுக்குள் புதைந்துகொள்ளும். சுற்றிக்கொண்டே வரும்போது பெரியப்பாவுக்கு ஒரு குறை கண்ணில் பட்டது. நூல் ஸ்பூலின் பின்பக்கம் தடித்தும் முன்பக்கம் மெலிந்தும் சேர்ந்தது. “கட்டுமானம் சரியில்ல. பின்பாரம்.” ஸ்பூலைக் கழற்றி, தண்டில் இருந்த மெல்லிய வாஷர்களில் ஒன்றை எடுத்துவிட்டார், ஸ்பூல் மயிரிழை கீழே இறங்கியது, நூல் சமமாக விழத் தொடங்கியது. முன்பாரமாக இருந்தால் ஒரு வாஷர் சேர்க்க வேண்டும் என்று அவராகவே சொன்னார். ரீல் கையேடு எதையும் அவர் படித்ததில்லை.

இரண்டே நாட்களுக்கு முன் கிரீஸ் அப்பி, வட்டு வெட்டி, மண்ணெண்ணெயில் அலசிய அந்த டிராக், தொங்குதராசில் மூன்று கிலோவுக்கு அசையாமல் நின்றது. அதற்கு ஒரு நாளும் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நூலில் ஏறியிருந்த முறுக்கை இறக்குவது மட்டும் பாக்கி. மில் என்றால் ஆவி காட்டி அடக்கிவிடுவார்கள். பின்னல் நூலுக்கு ஆவி ஆகாது. ஓடும் தண்ணீர்தான் மருந்து. முனையில் முள்ளும் வேண்டாம், ஈயமும் வேண்டாம். நூலை மட்டும் ஐம்பது அறுபது மீட்டர் ஆற்றோட்டத்தில் விட்டுவிட்டு, பத்து நிமிடம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கட்டப்படாத முனை தண்ணீரில் தானே சுழன்று முறுக்கை உதறிவிடும். கண்மாய்த் தண்ணீருக்கு ஓட்டமில்லை. அதனால் பொறுத்திருந்து, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் நெல்லுக்குப் பெரியாற்றுத் தண்ணீர் வரும் நாட்களில் வீரபாண்டிக்குப் போனேன். 1895-இல் பென்னிகுயிக் மலையைக் குடைந்து திருப்பிவிட்ட தண்ணீர். கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, தடுப்பணைக்குக் கீழே ஓட்டம் நன்றாக இருந்தது. நூலை விட்டேன். ரீலை மூடிக்கொண்டு நின்றேன்.

அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

“என்ன தம்பி போட்டிருக்கீக, புழுவா, மாவா?”

“ஒண்ணும் போடலம்மா. முள்ளே இல்ல.”

“அப்ப எதுக்கு நிக்கிறீக?”

“முறுக்கு எறங்கணும்.”

அவர் சேலையை ஒருமுறை பிழிந்து கல்லில் போட்டார். “யாருக்கு?” என்றார்.